காணாமற்போன சிட்டை

மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரம், 11ஆம் வசனம். லூக்கா நற்செய்தி 11ஆம் அதிகாரம், 3ஆம் வசனம். இரண்டும் ஒரே ஜெபத்தின் ஒரே வரி. புராட்டஸ்டண்டுகள் பரமண்டல ஜெபம் என்றும் கத்தோலிக்கர் பரலோக மந்திரம் என்றும் சொல்லிவந்த ஜெபத்தில் உணவு கேட்கும் வரி அது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் இந்த இரு வசனங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படும். மத்தேயுவில் உணவுக்கு முன்னால் நிற்கும் அடைமொழி ‘தேவையான’. லூக்காவில் ‘அன்றாட’. பழைய புராட்டஸ்டண்ட் பதிப்பு இரண்டு இடத்திலும் ‘வேண்டிய’ என்கிறது. கத்தோலிக்கக் கோயில்களில் சேர்ந்து சொல்லும்போது ‘அனுதின’ என்பதே பலர் நாவில் பழகியது. ஒருவருக்குத் தேவையானதெல்லாம் அன்றாடம் வருவதில்லை. அன்றாடம் வருவதெல்லாம் தேவையானதாகவும் இருப்பதில்லை. ஆனால் கிரேக்க மூலத்தில் இரு நற்செய்திகளிலும் இருப்பது ஒரே சொல்தான்: எபியூசியோஸ்.

இதைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களின் கவனக்குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஜெரோமும் இதையே செய்திருக்கிறார். திருத்தந்தை தமாசுஸ் கேட்டுக்கொண்டதன்பேரில் 384 அளவில் லத்தீன் நற்செய்திகளைத் திருத்திக் கொடுத்தவர் அவர். மத்தேயுவில் இந்தச் சொல்லுக்கு ‘இருப்புக்கு மேலான’ என்ற பொருள்படும் சூப்பர்சப்ஸ்டான்ஷியாலிஸ் என்ற லத்தீன் சொல்லைப் போட்டார். லூக்காவுக்கு வந்தபோது முன்பே வழக்கிலிருந்த கொதிதியானுஸ், அதாவது ‘அன்றாட’ என்பதை அப்படியே விட்டுவிட்டார். திருப்பலியில் சொல்லப்பட்டுவந்ததும் அந்தப் பழைய ‘அன்றாட’தான். ஜெரோமின் புதுச்சொல் ஏட்டில் நின்றது, வாய்க்கு ஏறவில்லை.

ஜெரோம் ஏன் இப்படி இரண்டு பக்கமும் நின்றார் என்று தேடப் போனால் அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்திய ஒரிகனிடம் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. அலெக்சாந்திரியாவில் பிறந்து, கிரேக்கத்திலேயே படித்து, கிரேக்கத்திலேயே சிந்தித்தவர் ஒரிகன். ஜெபத்தைப் பற்றி அவர் எழுதிய நூலில் இந்த வரிக்கு வந்ததும் நின்றுவிடுகிறார். இந்தச் சொல்லைக் கிரேக்க அறிஞர் யாரும் ஆண்டதில்லை, பாமரர் பேச்சிலும் இது இல்லை, நற்செய்தியாளர்களே இதை உருவாக்கியிருக்க வேண்டும் என்கிறார். ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மாபெரும் வாசகர் ஒருவர், தம் சபை நாள்தோறும் சொல்லும் ஜெபத்தில் உள்ள சொல்லை வேறெங்கும் கேட்டதில்லை என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். இந்த விசாரணையில் முதல் சாட்சி இவர். இதுவரை எவராலும் அசைக்க முடியாத சாட்சியும் இவர்தான்.

ஒரிகன் காலத்துக்கு முந்திய இடம் இன்னும் ஒன்றே ஒன்றுதான் நமக்குத் தெரியும். திதாக்கே என்ற பழைய சபை ஒழுங்கு நூல். 1056இல் படியெடுக்கப்பட்ட அதன் ஏட்டைப் பிலோத்தேயோஸ் பிரியென்னியோஸ் என்ற பேராயர் 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுத்து, 1883இல் அச்சிட்டார். அதிலும் இதே ஜெபம், இதே சொல். ஆக மத்தேயு, லூக்கா, திதாக்கே. மூன்றும் ஒரே ஜெபத்தின் மூன்று பதிவுகள் என்பதால் சாட்சிகள் மூவரானாலும் வாக்குமூலம் ஒன்றுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்திய மணலிலிருந்து பாப்பிரஸ் தாள்கள் கட்டுக்கட்டாக வெளிவரத் தொடங்கின. அதுவரை புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தைத் தனி மொழி, தூய ஆவியின் மொழி என்றுகூடச் சொல்லிவந்தவர்கள் உண்டு. செவ்வியல் நூல்களில் இல்லாத சொற்கள் அதில் நிறைய இருந்ததே காரணம். அதோல்ப் டைஸ்மன் என்ற ஜெர்மானிய அறிஞர் பாப்பிரஸ்களைப் புரட்டி, அந்தச் சொற்களில் பெரும்பாலானவை வரிச்சீட்டிலும் கடன்பத்திரத்திலும் மகன் தாய்க்கு எழுதிய கடிதத்திலும் இருப்பதைக் காட்டினார். 1908இல் வந்த அவருடைய ‘கிழக்கிலிருந்து ஒளி’ என்ற நூல் ஒரு தலைமுறையின் பார்வையையே மாற்றியது. நற்செய்தி பேசியது தெருவில் பேசிய மொழி. புரியாத சொல் இருந்தால் காத்திருங்கள், மணலுக்குள்ளிருந்து அதுவும் வரும் என்ற நம்பிக்கை பிறந்தது.

எபியூசியோஸ் வரவில்லை. ஜேம்ஸ் ஹோப் மோல்டனும் ஜார்ஜ் மில்லிகனும் பாப்பிரஸ் சான்றுகளைக் கொண்டு புதிய ஏற்பாட்டுக்கு ஒரு சொற்களஞ்சியம் தொகுத்தார்கள். 1914இல் அதன் பகுதிகள் வெளிவரத் தொடங்கின. மோல்டன் அதன் முடிவைப் பார்க்கவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவுக்கு வந்து பார்சிகளிடையே சொற்பொழிவாற்றிவிட்டுத் திரும்பும் வழியில், 1917 ஏப்ரலில், அவர் சென்ற கப்பல் மத்தியதரைக் கடலில் தாக்கி மூழ்கடிக்கப்பட்டது. மீட்புப் படகில் அவர் இறந்தார். கிரேக்க வினைச்சொற்களைப் பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அவர் பெயர் வருகிறது. ஒவ்வொரு முறையும் அந்தப் படகு எனக்கு நினைவு வரும். மில்லிகன் அந்த வேலையை 1929இல் முடித்தார்.

இந்த நிலையில்தான் ‘கடைச்சிட்டை’க் கதை வருகிறது. நான் இதை முதலில் சந்தித்தது ஸ்காட்லாந்து அறிஞர் வில்லியம் பார்க்லே எழுதிய மத்தேயு விளக்கவுரையில். உலகெங்கும் போதகர்கள் பிரசங்கம் தயாரிக்கும்போது புரட்டும் நூல் அது. அதில் அவர் சொல்வதன் சாரம் இது: இந்தச் சொல்லுக்கு வேறெங்கும் சான்று இல்லாமல் இருந்தது, அண்மையில் ஒரு பாப்பிரஸ் துண்டு கிடைத்தது, ஒரு பெண் கடைக்குப் போகுமுன் எழுதிய சாமான் பட்டியல் அது, ஒரு பொருளுக்கு அருகே இந்தச் சொல் இருந்தது, வரும் நாளுக்காக அதை வாங்க வேண்டும் என்ற குறிப்பு அது. எனவே ஜெபத்தின் பொருளும் அதுவே.

கேட்பதற்கு மனம் நிறையும் கதை. இறையியலார் பதினெட்டு நூற்றாண்டுகள் தலையைப் பிய்த்துக்கொண்ட சொல் ஒரு வீட்டுக்காரம்மாவின் சிட்டையில் கிடக்கிறது. டைஸ்மன் சொன்ன தெருமொழிக் கொள்கைக்கு இதைவிட நல்ல முடிசூட்டல் வேண்டுமா? ஆனால் பார்க்லே அந்தத் துண்டின் எண்ணைத் தரவில்லை, ஊரைத் தரவில்லை, அது எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லவில்லை. பிரசங்க நூலில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. எண் இல்லாத ஆவணத்தை நம்புவது என்னால் ஆகாது. ஆகவே அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன்.

முதல் படி எளிது. வால்ட்டர் பவுவரின் புதிய ஏற்பாட்டுக் கிரேக்க அகராதி உலகமெங்கும் இறையியல் மாணவர் கையில் இருப்பது. எபியூசியோஸ் என்ற பதிவில் ஒரு பாப்பிரஸ் சான்று சுட்டப்படுகிறது: பிரைசிக்கேயின் ‘ஸாம்மல்புக்’, எண் 5224, வரி 20. ஒரு வரி எண் கிடைத்துவிட்டால் பாதி வழி கடந்ததுபோலத்தான். அகராதியின் குறிப்பிலிருந்து அடுத்த பெயரும் கிடைத்தது. 1925இல் ஒரு ஜெர்மானிய இறையியல் இதழில் ஆல்பர்ட் டெப்ருன்னர் எழுதிய சிறு குறிப்பு. டெப்ருன்னர் சுவிட்சர்லாந்துக்காரர்; புதிய ஏற்பாட்டு இலக்கணத்தில் இன்றுவரை அவர் பெயரால் வழங்கும் நூல் உண்டு. அறிஞர் உலகத்தின் கண்ணை இந்த வரியின் பக்கம் திருப்பியவர் அவர்தான். பிறகு டைஸ்மனும் இதைப் பற்றி எழுதினார். அவர் காத்திருந்த சான்று அல்லவா.

அடுத்து பிரைசிக்கே. ஃபிரீட்ரிக் பிரைசிக்கே ஜெர்மன் தபால்தந்தித் துறையில் அதிகாரியாக இருந்தவர்; ஸ்ட்ராஸ்பர்க் தந்தி அலுவலகத்தின் இயக்குநர். பாப்பிரஸ்கள் மீது கொண்ட ஈடுபாட்டால் அந்தத் துறையின் அடிப்படைக் கருவிகளையே உருவாக்கியவர். ‘ஸாம்மல்புக்’ என்றால் தொகுப்பு நூல். இதழ்களிலும் அகழாய்வு அறிக்கைகளிலும் சிதறிக் கிடந்த கிரேக்க ஆவணங்களைத் திரட்டி, வரிசை எண் கொடுத்து, ஒரே இடத்தில் சேர்த்து வைத்தார். முதல் தொகுதி 1915இல் முற்றுப்பெற்றது. அந்த நூல் இல்லையென்றால் இந்தத் துறையில் எவரும் எதையும் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் அதன் இயல்பிலேயே ஒன்று அடங்கியிருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆவணங்களைத் தொகுப்பவர் ஒவ்வொரு மூலத்தையும் கண்ணால் பார்க்க முடியாது. முன்பு அச்சானதை அச்சானபடி எடுத்துத் தருகிறார். ஆகவே எண் 5224இன் வரி 20ஐப் பிரைசிக்கே வாசிக்கவில்லை. வாசித்தவர் ஒருவரை மறுபதிப்புச் செய்தார்.

அந்த ஒருவரைத் தேடியபோது தடம் எகிப்தின் ஃபாயூம் வட்டாரத்துக்குப் போனது. ஹவாரா. மூன்றாம் அமெனெம்ஹத் மன்னனின் பிரமிடு நிற்கும் இடம். 1888இல் அகழாய்வாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அங்கே தோண்டினார். மம்மிகளின் முகத்தில் பதித்த வண்ண ஓவியங்கள், நம்மை நேருக்கு நேர் பார்க்கும் அந்தப் பெரிய கண்கள், அங்கிருந்துதான் வெளிவந்தன. ஒரு பெண்ணின் தலைக்கு அடியில் ஹோமரின் இலியத் காவியத்தின் இரண்டாம் காண்டச் சுருள் வைத்துப் புதைக்கப்பட்டிருந்தது. இப்போது அது ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. இந்தப் புதையல்களுக்கு நடுவே கிழிந்த கணக்குத் தாள்களும் கிடைத்தன. யார் அவற்றைக் கவனிக்கப் போகிறார்கள்? பெட்ரி 1889இல் வெளியிட்ட ‘ஹவாரா, பியாமு, அர்சினோயே’ என்ற அறிக்கையில் கிரேக்கத் தாள்களைப் படித்துத் தரும் பொறுப்பை ஆர்ச்சிபால்ட் ஹென்றி சேஸ் ஏற்றார்.

சேஸ் விந்தையான மேதை. ஆங்கிலிக்கன் குரு, ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர், பின்னாளில் அங்கே அசீரியவியல் பேராசிரியர். குளிர்காலங்களில் நைல் நதியில் சொந்தப் படகில் நூல்களோடு குடியிருந்தவர். ஹித்தைத்துகள் என்ற மறந்துபோன பேரரசை உலகத்துக்கு நினைவூட்டியவர்களில் முதன்மையானவர். எத்தனையோ எழுத்துமுறைகளில் வேகமாக நுழைந்து வேகமாக வெளியே வந்தவர். புதுத்தடம் போடுவதற்கு அந்த வேகம் வேண்டும். ஆனால் எழுத்தெழுத்தாகப் படியெடுப்பதில் அவர் நம்பத்தக்கவர் அல்லர் என்ற பேச்சு துறைக்குள் உண்டு. பெட்ரியின் அறிக்கை இப்போது எண்ணிம நூலகங்களில் கிடைக்கிறது. சேஸ் படித்த துண்டுகளுக்கு நடுவே அந்தச் செலவுக் கணக்கு இருக்கிறது. பொருள்கள், அவற்றுக்கு ஆன காசு. ஒரு வரியில் ஒரு சொல்லின் முன்பகுதி: எ, பி, யூ, சி என்ற ஒலிகள். அதற்குமேல் இல்லை. சொல் அங்கே முறிகிறது.

இங்கே நான் நிறுத்தி நிதானித்துக்கொண்டேன். ஏனென்றால் பார்க்லேயின் நூலில் முழுச்சொல்லாக நின்றது இங்கே வால் இல்லாத சொல்லாக நிற்கிறது. சேஸ் அச்சிட்டது சில எழுத்துகள். டெப்ருன்னர் அதை எபியூசியோஸ் என்ற சொல்லின் தொடக்கமாகக் கண்டார். அப்படிக் காண நியாயம் இருந்தது; அந்த எழுத்துகளில் தொடங்கும் வேறு சொல் எளிதில் தோன்றாது. பிறகு அது செலவுக் கணக்கில் வருவதால் ‘தினப்படி’யைக் குறிக்கும் என்று பொருள் ஊகிக்கப்பட்டது. லத்தீனில் அடிமைக்கும் படைவீரனுக்கும் நாள்தோறும் அளந்து கொடுத்த படிக்கு தியாரியா என்று பெயர், அதை ஒப்பிட்டார்கள். அதன்பின் பிரசங்க நூலில் கணக்கு, சாமான் பட்டியல் ஆனது. பட்டியலுக்கு ஒரு பெண் வந்தாள். அவள் மனத்தில் ‘நாளைக்கு வாங்க வேண்டும்’ என்ற எண்ணமும் வந்தது. ஒவ்வொரு படியிலும் நேர்மையான ஒருவர் தமக்கு முன்னிருந்த நேர்மையான ஒருவரை நம்பியிருக்கிறார். பொய் சொன்னவர் எவருமில்லை. ஆனால் அடித்தளத்தில் இருப்பது 1889இல் ஒருவர் ஒரு முறை பார்த்த ஒரே ஒரு வரி.

அப்படியானால் மூலத்தை எடுத்துப் பார்த்துவிடலாமே? அங்கேதான் கதை முட்டுச்சந்தில் நின்றது. அந்தத் தாளைக் காணவில்லை. புதிய ஏற்பாட்டு ஏடுகளை இருபதாம் நூற்றாண்டில் யாரினும் நன்றாக அறிந்த அமெரிக்கர் புரூஸ் மெட்ஸ்கர், ‘எக்ஸ்போசிட்டரி டைம்ஸ்’ இதழின் 1957-58 தொகுதியில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பரமண்டல ஜெபத்துக்கு வெளியே எபியூசியோஸ் எத்தனை தடவை வருகிறது என்பதே அதன் தலைப்புக் கேள்வி. சான்று என்று சொல்லப்பட்ட ஒவ்வொன்றையும் அவர் உரசிப் பார்க்கிறார். இரண்டாம் மக்கபேயர் நூலின் சில பிற்காலப் பிரதிகளில் தேவாலயத்து அப்பங்களைப் பற்றிய இடத்தில் இந்தச் சொல் நுழைந்திருக்கிறது. ஜெபத்தை மனப்பாடமாக அறிந்த எழுத்தர் ஒருவர் கை அங்கே தானாக ஓடியிருக்கும். ஆகவே அது தனிச் சான்றாகாது. ரோட்ஸ் தீவின் லிண்டோஸ் கல்வெட்டு ஒன்றில் கண்டதாகச் சொல்லப்பட்டதும் நிலைக்கவில்லை. மிச்சம் இருப்பது சேஸின் தாள். அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

பாப்பிரஸ்கள் தொலைந்துபோவது அரிதன்று. அகழாய்வுக்குப் பணம் கொடுத்தவர்களுக்குப் பங்கு பிரித்துத் தருவது அந்தக் காலத்து வழக்கம். ஒரே குழியில் கிடைத்தவை லண்டனுக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கடல்தாண்டியும் போய்ச் சிதறின. பெட்டியில் ஊர்ப்பெயர் மட்டும் இருக்கும். அச்சான எண்ணோடு அதை இணைக்கும் குறிப்பு இருக்காது. தாள் அழிந்திருக்காது, அடையாளம் அழிந்திருக்கும். இதை நினைவில் வைத்தால், அகராதிகள் பல பத்தாண்டுகளாக ‘இப்போது இல்லை, சரிபார்க்க இயலாது’ என்ற எச்சரிக்கையோடு அந்தச் சான்றைச் சுமந்துவந்தது ஏன் என்று புரியும். இல்லாத தாளை மறுக்கவும் முடியாது அல்லவா. வெர்னர் ஃபோர்ஸ்டர் 1930களில், கிட்டல் பதிப்பித்த புதிய ஏற்பாட்டுப் பேரகராதிக்காக எழுதிய கட்டுரையும் இந்தத் தாளை எடைபோடாமல் கடக்க முடியவில்லை.

1998இல் தாள் அகப்பட்டது. அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில். எம். நெய்மன், கே. ஏ. வொர்ப் என்ற இரு ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டு மறுபடி படித்தார்கள். வொர்ப் கிரேக்கப் பாப்பிரஸ்களிலேயே வாழ்ந்த டச்சு அறிஞர். 1999இல் ‘நோவும் டெஸ்டமென்டும்’ இதழின் 41ஆம் தொகுதியில் நான்கே பக்கத்தில் அவர்கள் கட்டுரை வந்தது. அதன் தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறி உண்டு.

அந்த வரியில் எபியூசியோஸ் இல்லை. அங்கே இருப்பது எலையூ. எண்ணெய். ‘எண்ணெய்க்கு’ என்று கணக்கில் எழுதும்போது வரும் வேற்றுமை உருவத்தோடு.

இரு சொற்களையும் கிரேக்கப் பேரெழுத்தில் எழுதி ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். இரண்டும் எப்சிலோனில் தொடங்குகின்றன. இரண்டிலும் அயோட்டா, ஓமிக்ரோன், உப்சிலோன் அதே வரிசையில் வருகின்றன. முதலில் வேறுபடும் இடம் இரண்டாவதாக நிற்பது: ஒன்றில் பை, மற்றதில் லாம்டாவும் ஆல்பாவும். விரைந்து எழுதும் கணக்குப்பிள்ளையின் கையில் லாம்டாவும் ஆல்பாவும் ஒட்டிக்கொண்டால், இரண்டு கால் நட்டு மேலே கோடிழுத்த பையைப் போலத் தோன்றக் கூடும். தாளின் படத்தை வைத்து நான் சொல்லும் முடிவன்று இது; எழுத்துருவங்களை வைத்து எனக்குத் தோன்றும் விளக்கம். ஒரு குருவின் கண்ணுக்கு அந்த எழுத்து வரிசை எண்ணெயைவிட ஜெபத்தை முந்திக்கொண்டு நினைவூட்டியிருக்கவும் கூடும்.

அந்தக் கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. அது என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. முன்பு இந்தத் தாளைக் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டு என்று கருதியிருந்தார்கள். மறுபார்வையில் அது முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டுத் தாள் என்று தெரிந்தது. ஐந்தாம் நூற்றாண்டுத் தாளில் அந்தச் சொல் இருந்திருந்தாலும், எகிப்து முழுக்கக் கிறிஸ்தவமான பிறகு ஜெபத்திலிருந்து வழக்குக்கு வந்த சொல் என்று தள்ளிவிட முடியும். நற்செய்திகள் எழுதப்பட்ட காலத்துத் தாளில் இருந்திருந்தால் மறுப்பே கிடையாது. ஒரிகனின் வாக்குமூலமே உடைந்திருக்கும். சொல் இருந்தபோது தாளுக்கு வயது போதவில்லை. வயது வந்தபோது சொல் போய்விட்டது. ஒரிகன் சொன்னது சொன்னபடி நிற்கிறது. இன்று கிரேக்க இலக்கியம் முழுவதையும் கணினியில் தேடலாம், அச்சான பாப்பிரஸ்களையும் தேடலாம். எபியூசியோஸ் கிடைப்பது அந்த ஜெபத்திலும், அந்த ஜெபத்தை மேற்கோள் காட்டி விளக்குபவர்களிடமும்தான்.

ஆனாலும் சிட்டை போனதால் வழக்கு முடிந்துவிடவில்லை. அது போனதில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்த ஒரு தாளின் நிழலில் இருந்ததால் பலரும் சரியாகப் பார்க்காமல் விட்ட சாட்சிகள் இருக்கிறார்கள்.

முதலில் சொல்லின் உடம்பு. ஒரிகன் இதை எபி, ஊசியா என்று பிரித்தார். ஊசியா என்றால் இருப்பு, உள்பொருள். ஜெரோமின் ‘இருப்புக்கு மேலான’ அங்கிருந்து வந்ததுதான். ‘இருப்புக்குத் தேவையான’ என்ற பொருளும் அதே வழியில் வருவது. நம்முடைய ‘வேண்டிய’, ‘தேவையான’ இரண்டும் இந்தக் குடும்பம். இதற்கு ஒரு புணர்ச்சித் தடை உண்டு. காசு இல்லை என்பது தமிழில் காசில்லை ஆவதுபோல, உயிரெழுத்து வரும்போது எபியின் ஈற்று இகரம் கெடுவது கிரேக்கத்தின் பொது வழக்கம். ஊசியாவோடு சேர்ந்தால் எபூசியோஸ் என்றுதான் வரவேண்டும். இகரம் கெடாத சொற்களும் சில உண்டு என்பதால் இந்தத் தடையை முழுத் தீர்ப்பாக்க முடியாது. ஆனால் மற்றொரு வழியில் எந்தத் தடையும் இல்லை. எபியேனாய் என்ற வினைக்கு ‘மேல்வருதல், அடுத்து வருதல்’ என்று பொருள். அதன் பெண்பால் எச்சம் எபியூசா, ‘வருகின்றவள்’. நாள் என்பது கிரேக்கத்தில் பெண்பால். எனவே ‘எபியூசா’ என்றாலே ‘வருகின்ற நாள்’ என்று கேட்பவருக்குப் புரியும். அதிலிருந்து எபியூசியோஸ்: வருகின்ற நாளுக்கு உரியது. எச்சத்தோடு இத்தகைய விகுதி சேர்ந்து புதுச்சொல் பிறப்பது கிரேக்கத்தில் உண்டு. ‘விரும்பி’ என்ற ஹெக்கோனிலிருந்து ‘மனமுவந்த’ என்ற ஹெக்கூசியோஸ் பிறந்தது அப்படித்தான்.

இந்த எபியூசா கற்பனையில் மட்டும் உள்ள சொல்லன்று. திருத்தூதர் பணிகள் நூலில் ஐந்து இடங்களில் வருகிறது: 7:26, 16:11, 20:15, 21:18, 23:11. பயணக் குறிப்புகளில் ‘மறுநாள்’ என்று வருவதே மிகுதி. கடைசி இடத்தில் மட்டும் ‘வந்த இரவு’. அந்த நூலை எழுதியவர் லூக்கா. ஜெபத்தில் எபியூசியோஸை வைத்திருப்பவரும் லூக்கா. அதே வசனத்தில் ‘நாள்தோறும்’ என்பதற்கு வேறு கிரேக்கத் தொடரைத் தனியாகப் போட்டிருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். எபியூசியோஸே ‘அன்றாட’ என்றால், அன்றாட உணவை நாள்தோறும் தாரும் என்று ஒரே பொருள் இரண்டு முறை வந்துவிடும். பொது மொழிபெயர்ப்பின் லூக்காவில் இந்த இரட்டிப்பு அப்படியே இருக்கிறது. டெப்ருன்னர் சொல்லை ‘நடப்பு நாளுக்கு’ என்று பிரித்துக் காட்டினார். இலக்கணப்படி அது முடியாததன்று. ஆனால் லூக்காவின் கையிலேயே புழங்கிய எபியூசாவை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போகக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

மொழிபெயர்ப்புகள் இன்னொரு சாட்சி வரிசை. சிரியாக்கில் பழைய பதிப்பு ‘இடையறாத’ என்கிறது. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் போற்றிவந்த பெஷீத்தா ‘எங்கள் தேவைக்கான’ என்கிறது. எகிப்தின் கோப்தியப் பதிப்புகள் வேறு பக்கம் நிற்கின்றன. தெற்கே வழங்கிய சாகிதிக் மொழியில் ‘வருகின்ற’ அப்பம். வடக்கே போஹைரிக்கில் ‘நாளைய’ அப்பம். சேஸின் தாளில் தேடியது எகிப்திலேயே வேறு மொழியில் ஜெபமாக ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கனமாகத் தோன்றுவது மறுபடியும் ஜெரோமின் ஒரு குறிப்பு. மத்தேயுவுக்கு 398இல் எழுதிய விளக்கவுரையில், எபிரேயர் நற்செய்தி என்று வழங்கப்பட்ட நூலில் இந்த இடத்தில் ‘மஹர்’ என்ற சொல்லைக் கண்டதாகச் சொல்கிறார். மஹர் என்றால் நாளை. அந்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை. அது கிரேக்க மத்தேயுவிலிருந்து பின்னால் பெயர்த்ததாக இருக்கலாம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஜெபத்தைக் கவனியுங்கள். நற்செய்தியின் மற்ற பகுதிகளை ஒருவர் கிரேக்கத்திலிருந்து பெயர்க்கக் கூடும். பாலஸ்தீனத்து யூதக் கிறிஸ்தவர்கள் தம் தாய்மொழியில் நாள்தோறும் சொல்லிவந்த ஜெபத்துக்கு வந்ததும் பெயர்க்க மாட்டார்கள், வாயில் இருப்பதை எழுதுவார்கள். புதிய ஏற்பாட்டு அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ் இந்த வாதத்தை முன்வைத்தார். அதற்குத் தகுந்த மறுப்பை நான் இதுவரை படித்ததில்லை.

‘நாளைய உணவை இன்று தாரும்’ என்று கேட்பது முறையா என்று ஒரு தடை எழும். மத்தேயுவின் அதே அதிகாரம் முடியும்போது நாளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்ற போதனை வருகிறது. முரண்பாடாகத் தெரியும். ஆனால் கேட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்டக் கூலியாட்கள்: விடியலில் சந்தையில் நிற்கிறார்கள், பொழுது சாய்ந்ததும் ஆளுக்கு ஒரு தெனாரியம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது இணைச்சட்ட நூலின் கட்டளை; மறுநாள்வரை வைத்திருக்கக் கூடாது என்கிறது லேவியர் நூல். அந்தி நேரத்துக் காசில் வாங்கும் தானியம் அன்றைய பசிக்கும் ஆகும்; மறுநாள் விடியலில் வேலைக்குப் போகுமுன் சாப்பிடும் அப்பமும் அதிலிருந்துதான். அவனுக்கு ‘நாளைய அப்பம் இன்று’ என்பது சேமிப்பன்று, பேராசையன்று. இன்று கூலி கிடைத்ததா இல்லையா என்பதே அது. கேட்டுப் பெற்றவனால்தான் கவலைப்படாமல் படுக்க முடியும்.

இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். யூதர்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. ‘வருகின்ற நாள்’ என்ற சொல்லை அந்தியில் சொன்னால் அது அப்போதே கால்வைத்துவிட்ட நாள். காலையில் சொன்னால் அன்று மாலை பிறக்கப்போகும் நாள். திதாக்கேயின் எட்டாம் அதிகாரம் இந்த ஜெபத்தைத் தந்துவிட்டு, இதை நாளுக்கு மூன்று வேளை சொல்லுங்கள் என்று பணிக்கிறது. ‘அன்றாட’ என்பது அந்த மூன்று வேளைக்கும் ஒன்றுபோலத் தட்டையாகவே ஒலிக்கும். எபியூசியோஸை ‘வருகின்ற’ என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு வேளையிலும் அது அடுத்த பொழுதைச் சுட்டுகிறது. மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லை வைக்கும் வாய்ப்பு ஒரு மொழிபெயர்ப்புக் குழுவுக்கு மறுபடி வருமானால், நான் அவர்கள் முன் வைக்கும் சொல் இதுதான்.